ஆறோட ஒண்ணு

“லாபம்” என்று சொல்லி முதல் கம்பியை இழுத்துப் போடுகிறார் யேசுதாஸ். “ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, “ஆறோட ஒண்ணு.” மெல்லிய கட்டுக்கம்பியைச் சுற்றி முறுக்குகிறார். பத்து எம்.எம். கம்பி என்றால் கட்டுக்கு ஏழு. கும்மிடிப்பூண்டி இரும்பாலை ஒன்றின் கடைசிக் கொட்டகையில் பதினோரு வருடமாக இதே வேலை. இடது கையில் மட்டும்தான் உறை. “கம்பி இன்னா கனம்னு ஒரு கைக்காவது தெர்ய வாணாமா?”

“இன்னா நைனா, நெல்லா அளக்குற? கம்பிப்பா இது!” என்று தினமும் சீண்டுவான் பக்கத்தில் கட்டுகிற ஜெகன்.

“நீ அந்த நம்பரச் சொல்லிச் சொல்லி அழுதுக்கினு கெட. எனக்கு வாணாம்.”

அவர் அப்பா ஆசீர்வாதம், ஆரம்பாக்கம் களங்களில் பிறருடைய நெல்லை அளந்தவர். முதல் மரக்காலுக்கு ‘ஒன்று’ கிடையாது, ‘லாபம்’. ஏழும் கிடையாது. தெலுங்கில் ஏழு என்பது ‘ஏடு’. அழு என்பதற்கும் அங்கே அதே சொல். தெலுங்கு பேசுகிற நிலக்காரரின் நெல் மேல் அதைச் சொன்னால் மறுநாள் வேலை இல்லை. நிலம் ஒருபோதும் அவர்களுடையதாக இருந்ததில்லை. எண்ணுகிற விதம் மட்டும் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

யேசுதாஸின் நாலு வயது மகள் மெர்சிக்கும் அது வந்தது. அவளுக்குக் கூடுதலாக இன்னொன்றும் வாய்த்திருந்தது. முறத்தில் கிடக்கும் கத்திரிக்காயோ, கரண்ட் கம்பியில் உட்கார்ந்த காக்கையோ, பார்த்த மாத்திரத்தில் எத்தனை என்று சொல்லிவிடுவாள். “கண்ணாலயே எண்ணிடுதுபா” என்று ரயிலில் எதிரே உட்காருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு போனார் யேசுதாஸ்.

மார்ச்சில் எல்.கே.ஜி. சேர்க்கைக்குக் கூட்டிப்போனார்கள். டீச்சர் மேசையில் பொத்தான்களைக் கொட்டி, எத்தனை என்று கேட்டார். மெர்சி தொடக்கூட இல்லை.

“ஆறோட ஒண்ணு.”

“அப்டி ஒரு நம்பர் இல்லம்மா. மொதல்லேர்ந்து எண்ணு.”

“லாபம், ரெண்டு, மூணு...”

அடுத்த மேசை டீச்சரும் சேர்ந்து சிரித்தார். “கவுண்டிங் வர்ல சார். மே கடைசில இன்னொரு தபா கூட்டினு வாங்க. அப்பவும் வர்லன்னா அடுத்த வருஷம் பாக்கலாம்.” ஏழு என்பது ஆறும் ஒன்றும் சேர்ந்தது என்று அந்தக் குழந்தைக்குத் தெரிந்திருந்தது. அதை எழுத அவர்கள் தாளில் இடம் இல்லை.

யேசுதாஸுக்கு அவமானம் பொறுக்கவில்லை. தன் வாயால் வந்த கேடு என்று முடிவுகட்டினார். ஆலையில் ‘ஒண்ணு’ என்று தொடங்கிப் பார்த்தார். நாக்கு தடுக்கியது, கணக்குத் தவறியது. எட்டுக் கம்பியோடு ஒரு கட்டு லாரி ஏறிவிட, சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் கத்தினார். ஜெகன் சீண்டுவதை நிறுத்திவிட்டான். அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது.

வீட்டில் தினமும் சாயங்காலம் பாடம். “ஏழு சொல்லு. செவன். இன்னொரு தபா ஆறோட ஒண்ணுன்ன, வாய்லயே போடுவேன்.” ஒருநாள் போட்டும்விட்டார். மனைவி முத்தம்மா குழந்தையின் உதட்டைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: “பொண்ணு மூஞ்சப் பாரு. சீட்டு கெடைக்காட்டிப் போவுது, வுடு.” அவர் விடவில்லை.

மே கடைசி. இரண்டாம் முறை பள்ளிக்குப் போகிற காலை. மெர்சிக்குத் தலை வாரியாகிவிட்டது. தட்டில் மூன்று இட்லி.

“மெர்சி, தட்டுல எத்தினி இட்லி கீது?”

“ஒன், டூ, த்ரீ, ஃபோர், ஃபைவ்...” தண்டவாளத்தில் ரயில் ஓடுவது போல இருபது வரை ஓடி நின்றாள். சரியா என்று தெரியாமல் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

“இட்லியப் பாரும்மா. பாத்துச் சொல்லு.”

அவள் தட்டைப் பார்க்கவில்லை. அப்பாவின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள், அடுத்து அவை எப்படி அசையப்போகின்றன என்று.

யேசுதாஸ் தன் வாயைக் கையால் மூடிக்கொண்டார்.