காகிதத்தின் இடப்பாதி

அன்று காலை என் தட்டில் இரண்டு இட்லிகள்தான் இருந்தன. எனக்கு எப்போதும் நான்கு.

"நாலு வச்சேங்க" என்று என் மனைவி வள்ளிக்கண்ணு தட்டைத் திருப்பினாள். இன்னும் இரண்டு இருந்தன.

"இப்பத்தானே வச்ச?"

"ஆமா, ஒங்க இட்லியத் திருடித்தான் மாடி வீடு கட்டப்போறேன்."

குரல் அருகில் கேட்டது. ஆளைக் காணவில்லை.

புதுக்கோட்டையில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் வலப்புறத்தில் பக்கவாதம் (ரத்தக்குழாய் அடைப்பு). அதனால் இடப்புறப் புறக்கணிப்பு (கண் பார்த்தாலும் மூளை அந்தப் பக்கத்தைக் கணக்கில் எடுக்காத நிலை).

"ஐயா, இத நீங்க நம்பினாத்தான் பயிற்சி பலிக்கும். இல்லாட்டி இடது கை அப்படியே நின்னுபோயிரும்" என்றார் மருத்துவர்.

நான் நம்பவில்லை. பயிற்சி தர வந்த பெண்ணைப் பதினொரு முறை திருப்பி அனுப்பினேன்.

நார்த்தாமலையில் எங்கள் ஜன்னலிலிருந்து குன்றும் ஏழு பனைகளும் தெரியும். நாற்பது வருடங்களாக அவற்றை நீர்வண்ணத்தில் தீட்டுகிறேன். பன்னிரண்டாம் நாள் தீட்ட உட்கார்ந்தபோது நான்கு பனைகளே இருந்தன. மூன்றை யாரோ வெட்டிவிட்டார்கள் என்று சத்தம் போட்டேன். வள்ளிக்கண்ணு எப்போதும் இரண்டு தண்ணீர்க் கிண்ணங்கள் வைப்பாள், ஒன்றுதான் இருந்தது. அதற்கும் சத்தம் போட்டேன்.

படம் காய்ந்ததும் அதைத் தலைகீழாக வைத்து நிறங்களின் கனம் பார்ப்பது என் வழக்கம். திருப்பினேன். மலை இல்லை. வெறும் வெள்ளைக் காகிதம். மறுபடி திருப்பினேன், மலை வந்தது. மறுபடி திருப்பினேன், போயிற்று.

இட்லியை அவள் பிறகு வைத்திருக்கலாம். ஆனால் தீட்டிய நீர்வண்ணத்தைக் கறை தெரியாமல் யாராலும் கழுவ முடியாது. அந்த வெள்ளையில் என் தூரிகை படவே இல்லை.

காகிதத்தின் கீழ் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே இடப்பக்கம் போனேன். தலையும் கூடவே திரும்பியது. அங்கே இரண்டாவது கிண்ணம் இருந்தது. அதற்குள் ஒரு கை கிடந்தது. விரல் நுனிகள் ஊறி வெளுத்திருந்தன.

"இது யாரு கை?"

வள்ளிக்கண்ணு கேலி செய்யவில்லை. "மோதிரத்தப் பாருங்க" என்றாள்.

என் மோதிரம்.

அன்றே பயிற்சிப் பெண்ணை வரச்சொன்னேன். இதே நிலையில் இருப்பவர்களுக்கு அவள் கற்றுத்தந்ததைச் சொல்கிறேன்: காகிதத்தின் இடது ஓரத்தில் சிவப்புக் கோடு போடுங்கள், அது கண்ணில் படும்வரை தலையைத் திருப்புங்கள், அதன் பிறகே எதையும் எண்ணுங்கள்.

ஐந்து மாதங்களாகின்றன. இடப்பக்கம் இப்போது வருகிறது. ஆனால் சற்றுத் தாமதமாக. குரல் முதலில், வள்ளிக்கண்ணு பிறகு. நேற்றுப் படத்தைத் திருப்பிப் பார்த்தேன். பனைகள் ஏழு. கைகளையும் எண்ணினேன். இரண்டு. இரண்டாவது கை என்னுடையதாகும்வரை அசையாமல் காத்திருந்தேன்.