காய்ச்சலும் எங்கள் வீட்டு எதிர்ப்பு சக்தியும்

என் மகளுக்கு முதல் வலிப்பு வந்தது விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸில். ஒன்றேகால் வயசு. அம்மா வீட்டில் கிளம்பும்போதே உடம்பு லேசாகச் சுட்டது. விக்கிரவாண்டி தாண்டியதும் கண் மேலே சொருகிக்கொண்டது, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது. நான் போட்ட கூச்சலில் டிரைவர் பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டார்.

அப்புறம் பார்க்கணுமே! "இரும்பு குடுங்க, இரும்பு!" என்று பஸ்ஸே எழுந்து நின்றது. வலிப்பு என்றால் எங்கள் பக்கத்தில் கையில் இரும்பைத் திணித்தாகணும். பீரோ சாவி வந்தது, பாக்குவெட்டிகூட வந்தது. கடைசியில் யாரோ ஒருத்தருடைய பைக் சாவிதான் பிள்ளையின் கைக்குள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் இழுப்பு தானாக அடங்கி, பிள்ளை தூங்கிவிட்டாள். சாவியை மட்டும் விடவில்லை. விரலைப் பிரித்தால் சிணுங்கினாள். பாவம், நடுவில் கூட்டேரிப்பட்டில் இறங்க வேண்டிய அந்த சாவிக்கார மனுஷன், "எழுப்பாதம்மா, நான் வர்றேன்" என்று திண்டிவனம் ஆஸ்பத்திரி வரைக்கும் கூடவே வந்தார்.

வீட்டில் என் நாத்தனார், அதாவது என் வீட்டுக்காரரின் அக்கா, எங்களோடுதான் இருக்கிறார். அண்ணி என்று கூப்பிடுவேன். அவர் டாக்டருக்கு முன்னாடியே கண்டுபிடித்துவிட்டார்: "புள்ளைக்கு எதிர்ப்பு சக்தியே இல்ல. அதான் இப்படி."

அன்றிலிருந்து ஆரம்பித்தது பேஜாரு. காலையில் துளசிக் கஷாயம், சாயந்திரம் மிளகுக் கஷாயம். பிள்ளை எல்லாவற்றையும் அண்ணி புடவையிலேயே துப்பினாள். சளி ஒழுகும் பிள்ளை தெருவில் வந்தால் கேட்டைச் சாத்திவிடுவார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கஷாயத்தை நானே குடித்துத் தொலைக்கலாம் போல இருந்தது.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது இதைச் சொன்னேன். டாக்டரம்மா சிரித்துவிட்டார். "எதிர்ப்பு சக்தி இல்லன்னு யாரு சொன்னது? உடம்பு கிருமியோட சண்டை போடுது, அதனாலதான் சூடு ஏறுது. சின்ன மூளை, சில பிள்ளைங்களுக்கு அந்தச் சூட்டுல மிரண்டுடும். பெரும்பாலும் அஞ்சாறு வயசுக்குள்ள போயிடும். மறுபடி வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வாயில, கையில எதையும் திணிக்காதீங்க. கடிகாரத்தப் பாருங்க. அஞ்சு நிமிஷம் தாண்டுனா உடனே தூக்கிக்கினு வாங்க."

அதோடு விட்டாரா? "ஒன்றரை வயசுத் தடுப்பூசியத் தள்ளிப் போடாதீங்க" என்றும் சொன்னார்.

வீட்டில் வெடித்தது. "ஊசி போட்டா காய்ச்சல் வரும், காய்ச்சல் வந்தா வலிப்பு வரும். உனக்குப் புத்தி எங்க போச்சு?" என்றார் அண்ணி. என் வீட்டுக்காரர், "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். கெட்டிக்காரர்! அண்ணியிடம் வாய் கிழியப் பேசினேனே தவிர, எனக்கும் பயம் இருக்கத்தான் செய்தது. அந்தச் சொருகிய கண்ணை இன்னொரு தடவை பார்க்க என்னால் ஆகாது. ஆனால் ஊசி போடாமல் விட்டு, அதைவிடப் பெரிய நோய் வந்தால்? ஒன்றரை வயசு ஆனதும் போட்டுவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் காய்ச்சல் வந்தது. பாயில் விளையாடிக்கொண்டிருந்தவள் அப்படியே விறைத்தாள்.

அண்ணி கதறிக்கொண்டு சாவிக்கொத்தைத் தூக்கினார். "கையில எதையும் குடுக்காதீங்க அண்ணி! மணியப் பாருங்க, மணிய மட்டும் பாருங்க!" என்று கத்தினேன். அவ்வளவு சத்தம் எனக்குள் இருந்ததே எனக்குத் தெரியாது. பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். அண்ணி சுவர்க் கடிகாரத்தில் கண்ணை வைத்து, "ஒண்ணு ஆச்சும்மா... ரெண்டு ஆகப்போகுதும்மா..." என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மூன்று ஆவதற்குள் நின்றது.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். சாயந்திரம் கூட்டி வரச் சொன்னார். பேச்சு முடிகிற வரைக்கும் தைரியமாகத்தான் இருந்தேன். அப்புறம் பாத்ரூமுக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு, வாய்விட்டு அழுதேன். ஊசி போட்டது நான்தானே. வெளியே அண்ணி என்ன சொல்லப்போகிறாரோ என்று கதவைத் திறக்கவே பயமாக இருந்தது.

அவரே வந்து தட்டினார்.

"ஜல்தி அழுது முடிச்சிட்டு வாம்மா. புள்ள முழிச்சிக்கினு உன்னத்தான் தேடுது. சாயந்திரம் நானும் வர்றேன், அடுத்த ஊசி எப்போன்னு கேட்டுக்கினு வந்துடலாம்."