மாதுங்கா மைதானத்தில் நான்கு முளைகள்

யுத்த காலமாயிற்றே; இன்று காலை பம்பாயில் எங்கள் மாதுங்காத் தெருக் கூடைப்பந்து மைதானத்துக்குப் பட்டாளத்து அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார்.

தெருக்காரர்களும் மாகாண அணி ஆட்டக்காரர்களும் சேர்ந்து சரளை கொட்டி, தரையை இறுக்கிப் புதுப்பித்திருக்கிறார்கள். கூடைப்பந்துச் சங்கத்தின் பழைய செயலாளரான என்னை யாரும் கூப்பிடவில்லை.

அதிகாரி தரையைப் பூட்ஸால் தட்டி, பாரம் தாங்குமா என்று கேட்டார்.

"ஹாத்தி நாச்சேகா, சாப்!" என்றார் இப்போதைய செயலாளர் வைத்தா. யானையே ஆடலாமாம். எல்லோரும் கைதட்டினார்கள்.

அதிகாரியின் சிப்பாய் நான்கு மூலைகளிலும் முளை அடித்தான்.

"ஓய், யுத்த லாரி நிறுத்த இடம் பாக்கறான்," என்றேன் வைத்தாவிடம்.

"அபசகுனமாப் பேசாதேயும். ஞாயித்துக்கிழமை திறப்பு விழாவுக்கு அவர்தான் தலைமை. கட்டாயம் வரேன்னுட்டார்."

வருவார். முதலில் உள்ளே வரப்போவது பந்தா, லாரியா? உங்கள் ஊகத்தைச் சொல்லுங்கள்.