சிவப்புத் தாள்

என் மச்சாளிடம் இருந்த எதுவும் என்னிடம் இருந்ததில்லை. கனடாவில் ஒரு அப்பா, தனி அறை, திறந்தாலே சொக்லேட் மணக்கும் பார்சல்கள். மாமி வேலையால் வரும்வரை வீடு முழுக்க அவளுக்குத்தான். சண்டிலிப்பாயில் எங்கள் இரு வளவுக்கும் இடையில் ஒரு வேலிதான். அந்த வேலியைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

கனடா மாமா இளந்தாரியாக இருந்தபோது விளையாடிய பழைய கணினி விளையாட்டொன்றை அவளுக்கு அனுப்பினார். அண்ணை அதை எங்கள் கணினிக்கும் பிரதி எடுத்தார். திறந்தால் ஒரு கேள்வி வரும்: இத்தனையாம் வரிசையில், இத்தனையாம் கட்டத்தில் உள்ள எண் என்ன? பதில், விளையாட்டோடு வந்த கடும் சிவப்புத் தாளில் இருந்தது. தாள் மச்சாளிடம் இருந்தது. ஒவ்வொரு தடவையும் கேள்வி மாறும். கள்ளப் பிரதியைத் தடுக்கும் ஏற்பாடாம். அதைச் செய்த கம்பனி எப்போதோ மூடிவிட்டது; காவல் மட்டும் எழும்பிப் போகவில்லை.

நாள்தோறும் கேள்வியைத் திரையில் விட்டுவிட்டு அவளிடம் போய்க் கெஞ்ச வேண்டும். உடனே சொல்வாளா? "முதல்ல இதிலை இரு. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவன்" என்பாள். பிறகு தன் பேனைகள், சட்டைகள் எல்லாம் எடுத்துக் காட்டுவாள். எடுப்பைப் பார், என்ன பெருமை என்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். ஒரு மணித்தியாலம் போனபிறகுதான் அந்த எண் வாயிலிருந்து வரும்.

தாள் நிறையப் பொடி எண்கள். கையால் எழுதி மாளாது. ஒருநாள் அதைப் பள்ளிக்கூடக் கொப்பிக்குள் ஒளித்துக்கொண்டு, போட்டோக்கொப்பி எடுக்கச் சந்திக் கடைக்கு ஓடினேன். முழுக் கறுப்பாக வந்தது.

"உது கொப்பி எடுக்கேலாத தாள், பிள்ளை. வேணுமெண்டே உப்பிடி அடிச்சிருக்கிறாங்கள்" என்றார் கடைக்காரர்.

திரும்பி வந்தபோது மச்சாள் படலையில் நின்றாள். தாளைக் காணாததுமே அவளுக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும்.

"கொப்பி வந்ததோ?"

"இல்லை."

அவள் கோபிக்கவில்லை. சந்தோஷமாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே அன்று முழுக்க அவளை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

கொஞ்ச நாளில் அண்ணை ரியூசன் கூட்டாளி ஒருவனிடம் சின்னக் கோப்பு ஒன்று வாங்கிவந்தார். அதைப் போட்டதும் கேள்வியே வராமல் விளையாட்டு திறந்தது. எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. நேரே மச்சாளிடம் ஓடினேன்.

"இனி உன்ரை தாள் எங்களுக்குத் தேவையில்லை!"

அவள் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தாள்.

"அப்ப இனி வரமாட்டியோ?"

"என்னத்துக்கு வரவேணும்?"

அவள் முகம் அப்படியே வாடிப்போனது. நான் வீட்டுக்கு வந்து, கைகொட்டிச் சிரித்தபடி அண்ணையிடம் சொன்னேன்: "மச்சாளுக்குச் சரியான எரிச்சல், அண்ணை!"