ஜெனராலுக்குப் படம் போட்ட கதை

செல்லப் பிராணிகளைப் படம் போடற தொழில்ல ரெண்டே ரகம்தான்: அசையாம உட்காராதது ஒண்ணு, அசையாம கிடந்து நம்மளைப் பதற வைக்கிறது இன்னொண்ணு. பிரஷ்ஷை நம்பிப் பொழைக்கிற என் இனத்தாரே, நாய் உட்காரலை, பூனை ஓடிடுச்சுன்னு எங்கிட்ட வந்து அழாதீங்க. நான் மீனைப் போட்டவ.

தொட்டிக்குள்ள ஒருத்தர்

குருசுக்குப்பத்துல அந்துவான் ஐயா வீடு. பிரெஞ்சு பட்டாளத்துல இருந்து பென்ஷனோட வந்தவர், எங்க ஊர்ல சொல்தான்னு சொல்லுவோம். தனியாளு. ஹால்ல பெரிய தொட்டி, அதுல ஒரே ஒரு ஃப்ளவர்ஹார்ன் மீன். நல்ல சிவப்பு, நெத்தியில பன் ரொட்டியை ஒட்ட வச்ச மாதிரி ஒரு புடைப்பு. பேரு ஜெனரால், பிரெஞ்சுல படைத்தளபதின்னு அர்த்தம்.

பிரான்ஸ்ல இருக்கற மக, ஒரேயடியா வந்துடுங்கன்னு ஐயாவைக் கூப்பிட்டுட்டா. மீனை எதிர்வீட்டு பாய் பாத்துக்கறேன்னுட்டார். கூடக் கொண்டுபோக ஒரு படமாவது வேணும்னுதான் என்னை வரச்சொன்னார். நான் பென்சிலை எடுத்ததுமே பக்கத்துல வந்து குனிஞ்சு, ரகசியமா சொன்னார்: "நெத்தியை மட்டும் சின்னதா போட்டுடாதம்மா, அவனுக்கு மானப் பிரச்சனை."

சிவப்பு போச்சு

முத நாள் அளவும் கலரும் பாத்துக் குறிச்சுக்கிட்டேன். மறுநாள் படம் வரையற ஸ்டாண்டைத் தொட்டிக்கு முன்னால நிறுத்தினேன் பாருங்க, ஜெனரால் மூலையில போய்ப் படுத்துட்டாரு. அடுத்த நாளும் அதே படுக்கை. சிவப்பு போய் சாம்பலாயிடுச்சு. தீனி போட்டா திரும்பிக்கூடப் பாக்கலை.

"நான் போறது அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. இவன் இப்படிக் கிடந்தா நான் எங்கியும் போகலை, டிக்கெட்டை கேன்சல் பண்ணச் சொல்றேன்"னு ஐயா நாற்காலியில உட்கார்ந்துட்டார். அவசரமா வளர்ப்பு மீன் கடைக்காரரை வரவழைச்சோம். அவர் தண்ணியைப் பாத்தார், மீனைப் பாத்தார், கடைசியா என்னைப் பாத்தார். "தண்ணி நல்லாத்தான் இருக்கு. புது ஆளுங்க எதிர்லயே உட்கார்ந்து முறைச்சா இது பயந்துக்கும். யாருங்க அப்படி முறைச்சது?"

சண்டைக்கு வந்த ஜெனரால்

அதுக்கப்புறம் நான் அந்தத் தெருப் பக்கமே போகலை. மீதியை வீட்லயே முடிச்சேன். படத்தைக் குடுக்கப் போனப்பவும் அது அப்படியேதான் கிடந்துது, ஐயா முகத்துல ஈ ஆடலை. கை வேற வலிச்சுது, படத்தைத் தொட்டிக்கு எதிர்ல நாற்காலியில சாய்ச்சு வச்சேன்.

டொம்முனு ஒரு சத்தம்! ஜெனரால் கண்ணாடியில வந்து முட்டறாரு. செவுளை விரிச்சு, வாயைப் பொளந்து, படத்துல இருக்கற மீனோட சண்டைக்கு நிக்கறாரு. பாத்துக்கிட்டு இருக்கும்போதே உடம்புல சிவப்பு ஏறுது. படத்தைத் திருப்பி வச்சுட்டு ஐயா தீனி போட்டார், லபக்னு முழுங்கிடுச்சு. அப்பாடா! எனக்குப் போன உயிரு திரும்பி வந்துது. ஐயா கண்ணைத் துடைச்சுக்கிட்டே சிரிச்சார்.

அப்புறம் படத்தைக் கையில எடுத்து, ரொம்ப நேரம் பாத்துட்டு, எங்கிட்டயே நீட்டினார். "இதை எதிர்வீட்டு பாய்கிட்ட குடுத்துடும்மா. நான் போனப்புறம் தனியா கிடப்பான், அப்பப்ப சண்டை போடவாவது ஒருத்தன் வேணாமா? எனக்கு வேற ஒண்ணு போட்டுக் குடு."

என் படத்தைப் பாத்து 'பரவாயில்லை'ன்னு சொல்லிட்டுப் போன மனுஷங்க எத்தனையோ பேரு, நிஜம்னு நம்பி அடிக்க வந்த ஒரே ரசிகர் இவருதான்.