பாலத்தடியில் கண்ணாடி போட்ட எருமை

பெங்களூர் வந்து பதினோரு வருஷமாகியும் எனக்குப் பழகாத காட்சி ஒன்று உண்டு. ஞாயிறு காலையில் வயது வந்த மனிதர்கள் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, கன்டோன்மென்ட் பக்கத்துப் பழைய கல் ரயில் பாலத்தை வரைவார்கள். போகிறவர் வருகிறவர் யாரும் கண்டுகொள்வதில்லை. எங்கள் திருப்பத்தூரில் ஒருவர் இப்படி ஒரு பாலத்தருகே காகிதத்தோடு உட்கார்ந்தபோது, ரோட்டை அகலப்படுத்த அளவெடுக்கிறார் என்று தெருவே முடிவுகட்டியது. என் அப்பா காபி கொண்டுபோய்க் கொடுத்து, "சார், நம்ம வீட்டுக்கிட்ட கோடு கொஞ்சம் வளைஞ்சு போகட்டும்" என்று கேட்டுக்கொண்டார். வந்தவர் வெறும் டிராயிங் மாஸ்டர். காபியைக் குடித்துவிட்டு, "பார்க்கலாம்" என்று சொல்லிப் போனார்.

இப்போது நானும் அந்த நாற்காலிக் கூட்டத்தில் ஒருவன். வைட்ஃபீல்டில் வாரம் முழுக்கக் கம்ப்யூட்டரோடு பேசுகிறவனை இந்த ஊரில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் இவர்கள் மட்டும்தான். அவர்கள் முன்னால்தான் மூர்த்தி சார் என் மானத்தை வாங்கினார். குழுவின் தலைவர் அவர், ஓய்வுபெற்ற எஞ்சினியர், தமிழும் பேசும் உள்ளூர்க்காரர். வரைந்து முடித்ததும் எல்லோரும் நோட்டுகளைத் தரையில் வரிசையாக விரித்துவைப்பது வழக்கம். போன மாதம் அவர் என்னுடையதைக் குனிந்து பார்த்து, "என்னப்பா, இது பாலமா, உங்க ஊர் இட்லித் தட்டா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். அதுதான் அதிகம் எரிந்தது.

ஒரு மாதம், ஆபீஸ் வண்டி டிராஃபிக்கில் நின்ற நேரமெல்லாம் எருமை வரைந்து பழகினேன். இந்த ஞாயிறு பாலத்தை ஒழுங்காக வரைந்து, நடு வளைவின் கீழே ஓர் எருமையை நிறுத்தினேன். அதற்கு மூர்த்தி சாரின் கண்ணாடி, வட்டத் தொப்பி, தாடை மரு எல்லாம் வைத்தேன். கீழே கையெழுத்தும் போட்டுவிட்டு, வாலுக்கு மை தீட்டும்போது பின்னால் ஒரு குரல்.

"புக் தோர்சி."

கான்ஸ்டபிள். ரயில் பாலத்தை எதற்கு வரைகிறேன் என்று பார்க்க நோட்டைக் கேட்கிறார். பழிவாங்க வந்த வீரன் என்ன செய்தான்? ஈர நோட்டை மூடி அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான். பதினோரு வருஷக் கன்னடம் வயிற்றில் கரைந்துவிட்டது. "கொத்தில்லா சார், கொத்தில்லா" என்றேன். தெரியாது, தெரியாது என்று. என்ன தெரியாது என்பது எனக்கே தெரியவில்லை. கான்ஸ்டபிள் முகம் இறுகியது.

மூர்த்தி சார் ஓடிவந்தார். "இவ்ரு நம்மவ்ரு சார். ஆர்ட்டிஸ்ட்." பிறகு என்னிடம் தமிழில், "எழுந்திருப்பா, காட்டிட்டாப் போச்சு."

இந்த ஊர் என்னை நம்மவர் என்று சொன்னது அன்றுதான். அதுவும் எருமையின் வாயால்.

நோட்டை அவரே திறந்தார். கான்ஸ்டபிள் படத்தைப் பார்த்தார், மூர்த்தி சாரைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். மீசை துடித்தது. "சென்னாகிதே" என்று பாராட்டிவிட்டு அவசரமாக அந்தப் பக்கம் திரும்பி நடந்தார்.

மூர்த்தி சார் மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தார். இன்றோடு என் ஞாயிற்றுக்கிழமைகள் ஒழிந்தன என்று நாற்காலியை மடக்கினேன்.

"மரு எனக்கு வலது பக்கம்பா" என்றார். "கொம்பு பரவாயில்ல. கொண்டுவந்து வரிசைல வை."

எதிரி இப்படி நடந்துகொள்வது பச்சை அநியாயம். அடுத்த வாரம் கழுதை போடுவதாக மனசுக்குள் சபதம் செய்துகொண்டு நோட்டைத் தரையில் விரித்தேன். நான் உட்கார்ந்த உட்காரலில் ஈர மை எதிர்ப்பக்கத்திலும் அச்சாகியிருந்தது. அங்கே மரு மிகச் சரியாக வலது பக்கத்தில் இருந்தது. தமிழில் போட்ட என் கையெழுத்துதான் இடவலம் மாறி, யாராலும் படிக்கமுடியாமல் கிடந்தது. என் பெயர் படிக்கமுடிந்த பக்கத்தில் மரு தப்பு.

இரண்டு பக்கமும் தெரியும்படி விட்டுவைத்தேன். காற்றுக்கு மூடிக்கொள்ளாமல் இருக்க, நடுத்தையல் மேல் ஒரு கல்லை வைத்தேன்.