சயானை மறுத்தவர்

மும்பை மாட்டுங்காவில் நான் லோக்கல் ரயில் ஏறியபோது, இடப்பக்கக் கதவோரம் அவர் நின்றிருந்தார். ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர். ஆய்விதழுக்கு வரும் கட்டுரைகளைப் பரிசீலிப்பவராம். எதிராளி பேசி முடிப்பதற்குள் தலையாட்டி மறுத்துவிடும் பழக்கம் அவருக்கு. இருவருமே சயானில் இறங்க வேண்டும்.

“புதுத் தியரின்னு எழுதி அனுப்பறா. முதல் பாராவிலேயே நிராகரிச்சுடுவேன். நாங்க படிச்சதோட ஒத்துப்போக வேண்டாமோ?” என்றார்.

“சார், இன்னிக்கு மெகா பிளாக், தண்டவாளத்துல ரிப்பேர் வேலை. ஸ்லோ வண்டிய ஃபாஸ்ட் டிராக்ல விடறா. பிளாட்பாரம் வலது பக்கம் வரும்,” என்றேன்.

“சயான்னா எப்பவும் இடதுதான்.” தலை ஆடியது.

பிளாட்பாரம் வலப்பக்கமே வந்தது. கூட்டம் என்னை வெளியே தள்ளியது. “சார், சயான் வந்துடுத்து!” என்று கத்தினேன்.

திரும்பாமலே சொன்னார்: “இது சயானா இருக்க முடியாது.”

வண்டி அவரைக் குர்லாவுக்குக் கொண்டுபோனது. அன்று குர்லாவிலும் பிளாட்பாரம் வலப்பக்கம்தான். எங்கே இறங்கினாரோ!